கடைசி வரிசை... மூலை சீட்!

1

முதல் ஆள் மொட்டை மாடியிலிருந்து விழுந்தான்.

இரண்டாவது ஆள் அவன் மேலேயே விழுந்தான்.

மூன்றாவது ஆள், எங்கே விழலாம் என்று இடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெற்றியில் தோட்டா வாங்கினான்.

“ஆ...!”

சுட்டவன் அசரவில்லை. ஒரு கையில் துப்பாக்கி. இன்னொரு கையில் மாமியாரின் குடை. துப்பாக்கியில் தோட்டா தீர்ந்தது. பட்டென்று குடையை விரித்தான். கம்பிகள் பிய்த்துக்கொண்டு பறந்தன. ஆளுக்கொரு கம்பி! ஒரு கம்பிகூட வீணாகவில்லை!

அத்தனை பிணங்களையும் பார்த்து ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

பொறுங்கள்... போலீசுக்குப் போன் போட்டுவிடாதீர்கள். பிணங்கள் எல்லாம் சினிமாத் திரையில். சிரித்தவன் தியேட்டரில், கடைசி வரிசை மூலை சீட்டில்.

படத்தின் பெயர், ‘கொலைகாரன் லீவுல இருக்கான்’. லீவு போட்டுவிட்டு மாமியார் வீட்டுக்குப் போகும் கூலிக் கொலைகாரன், போன இடத்தில் ஊரையே காலி செய்கிற கதை. கதை என்று சொன்னது ஒரு மரியாதைக்காக.

மேட்னி ஷோ. கூட்டமே இல்லை. நடு வரிசையில் ஒரு காதல் ஜோடி. படம் ஓடுகிற விஷயமே அவர்களுக்குத் தெரியாது. ஓரத்தில் ஒரு மருந்து கம்பெனி விற்பனையாளர், ஏ.சி.க்காக டிக்கெட் வாங்கித் தூங்கிக்கொண்டிருந்தார்.

மூலை சீட்காரன் தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பினான். சீட் மேல் ஏறி நின்றான். ஹீரோ வாயைத் திறப்பதற்கு முன்பே இவன் திறந்தான்.

“லீவு நாள்ல என்னைச் சீண்டாதீங்கடா... நான் ஓவர்டைம் பார்த்தா ஊரு தாங்காது!”

பிறகுதான் ஹீரோ அதையே சொன்னான்.

இரண்டு விரலை வாயில் வைத்து... விசில்!

யார் இந்த ஆசாமி?

தொழில் வட்டாரத்தில் இவனுக்கு ‘நிதானம்’ என்று பெயர். அவசரப்படமாட்டான். வியர்க்கமாட்டான். வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும், தீயணைப்பு சிலிண்டர் விற்கிற பிரதிநிதி. சிவப்பு சிலிண்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு போனால், எந்தக் கட்டடத்திலும் எந்த வாட்ச்மேனும் ‘நீ யார்’ என்று கேட்பதில்லை. சிலிண்டர் பையின் அடியில் ஒரு துப்பாக்கி இருக்கும். அதையும் யாரும் கேட்பதில்லை.

ஆமாம்... இவன் நிஜமான கூலிக் கொலைகாரன்!

நிஜக் கொலைகாரனுக்கு இந்தப் படம் பிடிக்கலாமா? பிடிக்கவே கூடாது. குடைக் கம்பியால் கொசுவைக்கூடக் கொல்ல முடியாது என்று அவனுக்குத் தெரியும். ஹெலிகாப்டரிலிருந்து குதித்தவன் பாதி வழியில் ஷூ லேஸ் கட்ட முடியாது என்றும் தெரியும். தெரிந்தும் வந்து வந்து உட்காருகிறான். அவன் செய்கிற கொலை என்பது, மாடிப்படிக்கு அடியில் மணிக்கணக்காகக் குந்தியிருப்பது, மூத்திரத்தை அடக்குவது, முட்டி வலிக்கு மாத்திரை போடுவது. அந்த ஹீரோவோ பாட்டுப் பாடிக்கொண்டே முடிக்கிறான்! பார்க்கப் பார்க்க வெட்கமாகவும் இருந்தது, ஜிலுஜிலு என்றும் இருந்தது.

ஆனால் இது வெளியே தெரிந்தால்...?

உயிர் போகும்!

காரணம், மீசை. மீசை என்று தொழிலில் ஒருவன் இருந்தான். இதே மாதிரிப் படங்களாகப் பார்த்துத் தள்ளியவன். போன வருஷம் ஓர் ஆளின் நெஞ்சுக்கு நேரே துப்பாக்கியை நீட்டிவிட்டு, சுடுவதற்கு முன்னால் ஒரு பஞ்ச் வசனம் பேச ஆசைப்பட்டான். நீளமான வசனம். கண்ணை மூடிக்கொண்டு உணர்ச்சியாகப் பேசி முடித்துக் கண்ணைத் திறந்தால்... ஆளைக் காணோம். பஸ் ஏறிப் போயிருந்தான்!

வேலை பிடித்துக் கொடுக்கும் தரகர் அன்றைக்கே சட்டம் போட்டார். “எவனாவது இந்த மாதிரி கண்றாவிப் படம் பார்த்தான்னு தெரிஞ்சுது... அவனையே போட்டுத் தள்ளிடுவேன்!”

அதன் பிறகு மீசையைக் காணவில்லை. அவனுடைய மீசைகூடக் கிடைக்கவில்லை.

இடைவேளை விளக்குகள் எரிந்தன.

இரண்டு வரிசை முன்னால் ஒருவர். கொளுத்துகிற வெயில் காலத்தில் மங்கி குல்லா, கழுத்தில் மஃப்ளர். சிரித்துச் சிரித்துக் கண்ணில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிதானத்துக்கு வாய் சும்மா இருக்குமா?

“சார்... அந்தக் குடை சீனு!”

“அய்யோ, கேக்காதய்யா! ஒவ்வொரு கம்பியும் ஆளைத் தேடிப் போவுது பாரு... வயிறு வலிக்குதுய்யா!”

“கரெக்ட் சார்! ஆமா... உங்க குரலை நான் டி.வி.ல கேட்டிருக்கேனே?”

குல்லாக்காரரின் சிரிப்பு சட்டென்று நின்றது.

கையிலிருந்த பாப்கார்ன் மொத்தமும் தரையில்! எழுந்தார். கதவைப் பார்த்து ஓட்டமாக ஓடினார்.

“என்ன மனுஷன்யா இவரு? பாதியில போறாரு... ரெண்டாம் பாதிதானே சூப்பரு!” என்று நிதானம் பரிதாபப்பட்டான்.

பரிதாபப்பட வேண்டியது தன்னைப் பார்த்துத்தான் என்று பாவம், அவனுக்குத் தெரியாது!

2

மறுநாள் காலை.

தரகர் ஊர் கண்ணை மறைக்க ஒரு சலவைக் கடை நடத்தினார். கடைக்குப் பின்னால் நீராவி அடித்த அறை. கம்பியில் வரிசையாகக் கோட்டுகள். தரகர் ஒரு வெள்ளைச் சட்டையின் காலருக்கு இஸ்திரிப் பெட்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். ரத்தக் கறை எப்படிப் போகும் என்று இந்த ஊரில் அவரைவிடத் தெரிந்தவர் கிடையாது.

“வா தம்பி. நேத்து மத்தியானம் எத்தனை தடவை போன் அடிச்சேன்... எங்க போயிட்ட?”

“ஒரு ஆஸ்பத்திரியில சிலிண்டர் மாட்டிட்டிருந்தேன்ணே.”

“சரி, வேலை வந்திருக்கு. சின்ன வேலைதான். ஆனா கிளையன்ட் பெரிய மனுஷன்.”

“யாருண்ணே?”

“டி.வி.ல சினிமா விமர்சனம் பண்றாரே... மூக்குக் கண்ணாடி, முகத்துல எப்பவும் விளக்கெண்ணெய் குடிச்ச களை... அந்த விமர்சகர்தான்.”

நிதானத்துக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். ‘கொலைகாரன் லீவுல இருக்கான்’ வெளியான அன்று அந்த மனுஷன் சொன்னது இன்னும் காதில் ஒலித்தது. ‘இந்தப் படத்தை ரசிப்பவர்களை உடனடியாக மருத்துவர்கள் பரிசோதிக்க வேண்டும்.’ அந்த ஒரு வரியைக் கேட்டு, நிதானம் நிஜமாகவே ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு வந்தான்.

“அவருக்கு யாரைப் போடணும்?”

“அது ஒரு வேடிக்கை கதைப்பா. அந்தாளுக்கு அடுத்த வாரம் விருதுக் குழுத் தலைவர் பதவி குடுக்கறாங்களாம். இந்த நேரம் பார்த்து, அவர் கழுவிக் கழுவி ஊத்தின ஒரு படத்தை அவரே திருட்டுத்தனமா போய்ப் போய்ப் பாத்திருக்காரு. குல்லா போட்டுக்கிட்டு!”

நிதானத்தின் காதோரம் ஏதோ ஊர்ந்தது.

வியர்வை!

“நேத்து தியேட்டர்ல ஒருத்தன் குரலை வச்சுக் கண்டுபுடிச்சுட்டானாம். நாளைக்கு அவன் வெளியில சொல்லிட்டா இவர் மானம் கப்பல் ஏறிடும். அதான்... அவன் வேணாம்ங்கறாரு.”

“அ... அவன் யாருன்னு தெரியுமாண்ணே?”

“பேரு தெரியாது. ஓடின அவசரத்துல மூஞ்சியையும் சரியா பாக்கலையாம். ஆனா அடையாளம் பக்காவா குடுத்திருக்காரு. மேட்னி ஷோ. கடைசி வரிசை மூலை சீட். தொப்பி. ஹீரோ பேசறதுக்கு முன்னாடியே வசனம் பேசுவான். சண்டை வந்தா சீட் மேல ஏறி நின்னு விசில் அடிப்பான். கிறுக்கன்!”

அடக் கடவுளே!

தன்னைக் கொல்லச் சொல்லித் தன்னிடமே வந்திருக்கிறது வேலை!

“என்ன தம்பி, வேர்க்குது உனக்கு? உனக்கு வேர்த்து நான் பாத்ததே இல்லையே?”

“நீ... நீராவிண்ணே.”

“நாளையோட படத்தைத் தூக்கறாங்க. நாளைக்கு மேட்னி ஒண்ணுதான். அவன் கண்டிப்பா வருவான். படத்துல துப்பாக்கிச் சத்தம் காதைப் பிளக்கறப்போ சுட்டுடு, யாருக்கும் தெரியாது. கிளையன்ட்டும் வந்து உக்காந்திருப்பாரு. கண்ணால பாத்தாதான் தூக்கம் வருமாம்.”

“ஒருவேளை அவன் வரலேன்னா?”

“விட்டுருவேனா? டிக்கெட் கவுன்ட்டர்ல கேமரா இருக்கு. மேனேஜர்கிட்ட பேசிட்டேன், எடுத்துக் குடுக்க ரெண்டு நாள் ஆகுமாம். நாளைக்கு அவன் சாகலேன்னா, நாளன்னிக்கு அவன் போட்டோ என் கைக்கு வந்துடும். நம்ம பசங்க அத்தனை பேருக்கும் அனுப்பிடுவேன். எந்தப் பொந்துல ஒளிவான்?”

நிதானம் மனசுக்குள் கணக்குப் போட்டான். போனால் சாவு. போகாவிட்டால் போட்டோ! போட்டோவைத் தரகர் பார்த்தால் இஸ்திரிப் பெட்டி முதலில் அவன் முதுகில்தான் ஓடும்.

“அண்ணே... நீங்க வருவீங்களா?”

தரகர் காறித் துப்பாத குறை. “நானா? அந்தக் கண்றாவிக்கா? சினிமாக் கொட்டாய் வாசலை மிதிச்சு எத்தனையோ வருஷமாச்சு. போ, போய் வேலையைப் பாரு!”

3

நிதானம் வீட்டுக்குள் நுழைந்தபோது ஹாலின் நடுவே ஒரு பிணம் கிடந்தது.

தலையிலிருந்து கால் வரை வெள்ளைத் துணி. அவன் மனைவி அதைத் தாண்டிக்கொண்டு போய், காயப் போட்ட துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, இதுக்கு நீங்க ஒரு முடிவு கட்டியே ஆகணும். காலைலருந்து இப்படியே கெடக்கறான்!”

துணி விலகியது. உள்ளே மைத்துனன்! மனைவியின் ஒரே தம்பி. டி.வி. சீரியல்களில் பிணமாக நடிப்பதுதான் அவனுக்குப் பிழைப்பு.

“பிராக்டீஸ் பண்றேன்க்கா. மூச்சை அடக்கறதுல இந்த ஃபீல்டுலயே என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது... தெரியுமா மாமா?”

“தெரியும்டா.”

“ஆனா என்ன பிரயோஜனம்? ஒரு தடவையாவது என்னைச் சாக விடறாங்களா? நான் ஷூட்டிங்குக்குப் போறதுக்குள்ளயே என் கேரக்டர் செத்துப் போயிருக்கும் மாமா! போனதும் படுன்னு சொல்லித் துணியைப் போர்த்திடறாங்க. சாகற சீனை வேற எவனோ நடிச்சு கைதட்டல் வாங்கறான். என் மூஞ்சியைக்கூட எவனும் பாத்ததில்ல.”

அவன் குரல் உடைந்தது. பாவமாகத்தான் இருந்தது.

மனைவி கண்ணைக் கசக்கினாள். “பாருங்க, புள்ள எப்படி உருகறான்னு! நீங்க நாலு ஆபீஸ் போறீங்க, வர்றீங்க... பெரிய மனுஷங்க யாரையாவது புடிச்சு இவனுக்கு ஒரு சான்ஸ் வாங்கிக் குடுக்கக் கூடாதா? எங்க வீட்டு ஆளுங்கன்னாலே உங்களுக்கு எளக்காரம்தான்!”

நிதானம் மைத்துனனைப் பார்த்தான்.

உயரம்... தன் உயரம். உடம்பு... தன் உடம்பு. தொப்பி போட்டால்...?

“நாளைக்கு உனக்கு ஒரு ஆடிஷன்டா.”

மைத்துனன் துள்ளி எழுந்தான். “மாமா!”

“பெரிய டைரக்டர். அவர் மத்தவங்க மாதிரி இல்ல. ஆளு வேஷம் போட்டுக்கிட்டு தியேட்டர்ல உக்காந்துதான் செலக்ட் பண்ணுவாரு. குல்லா போட்டிருப்பாரு. நீ கடைசி வரிசை மூலை சீட்ல தொப்பியோட உக்காரு. நான் வந்து டம்மி தோட்டால சுடுவேன். சட்டைக்குள்ள சாஸ் பாக்கெட் வச்சிருப்ப இல்ல, அதை அமுக்கணும்.”

“சாகணுமா மாமா?! நானா? முழுசா?”

“முழுசாத்தான். ஆனா கேட்டுக்கோ. சத்தமே கூடாது. சுட்டதும் பொத்துனு விழணும். அவ்ளோதான். அப்புறம் நானே வந்து உன்னை வண்டியில அள்ளிப் போட்டுக்கிட்டு வந்துடுவேன். புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது மாமா. இயல்பான நடிப்பு!”

மனைவிக்கு வாயெல்லாம் பல். “என் தங்கமே! என் தம்பி உயிரு இனிமே உங்க கையிலதாங்க இருக்கு!”

அவள் சொன்னதன் அர்த்தம் அவளுக்கே தெரியாது. நிதானத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

4

மேட்னி. கடைசி நாள். கடைசிக் காட்சி.

அதே காதல் ஜோடி. அதே தூங்குமூஞ்சி. இரண்டு வரிசை முன்னால் மங்கி குல்லா விமர்சகர், நகத்தைக் கடித்துக்கொண்டு. திரைக்கு மிக அருகே, முதல் வரிசையில், சால்வையைத் தலை வரை இழுத்துப் போர்த்திய ஒரு ஆள். மூலை சீட்டில் தொப்பியோடு மைத்துனன்.

கதவோரம் நிதானம். தோளில் சிவப்பு சிலிண்டர். கையில் டம்மி தோட்டா போட்ட துப்பாக்கி.

திரையில் மொட்டை மாடிச் சண்டை ஆரம்பித்தது.

சொல்லிக் கொடுத்தபடி மைத்துனன் சீட் மேல் ஏறினான். தொப்பியைத் திருப்பினான். “லீவு நாள்ல என்னைத் தேடாதீங்கடா!” என்று கத்தினான்.

நிதானத்துக்கு ரத்தம் கொதித்தது. ‘தேடாதீங்க இல்லடா... சீண்டாதீங்க! ஒரு வசனம் ஒழுங்கா வருதா பாரு மடையனுக்கு!’

டுமீல்! டுமீல்! டுமீல்!

திரையில் பிணங்கள் மழையாகக் கொட்டின. இதுதான் நேரம். நிதானம் கையை உயர்த்தினான்.

டப்!

மைத்துனனின் நெஞ்சில் சிவப்பு பீறிட்டது. பொத்தென்று விழ வேண்டியதுதானே?

விழவில்லை!

“அம்மா...ஆ...!”

நெஞ்சைப் பிடித்தான். சுழன்றான். சீட்டிலிருந்து இறங்கினான். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து, முன் வரிசை சீட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குலுங்கினான்.

“எந்தப் பாவி சுட்டானோ... அவன் நல்லா இருக்கட்டும்! எங்க அக்காகிட்ட சொல்லிடுங்க... நான் சிரிச்சுக்கிட்டே செத்தேன்னு...”

‘விழுடா... விழுந்து தொலைடா!’ நிதானம் பல்லைக் கடித்தான்.

விழுந்தான். அப்பாடா!

எழுந்தான். அய்யய்யோ!

“இன்னொரு விஷயம்...” என்று வானத்தைப் பார்த்துக் கையை நீட்டினான்.

விமர்சகர் முதலில் நடுங்கிக்கொண்டுதான் பார்த்தார். பிறகு நெற்றி சுருங்கியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பழகின தொழில்... விடுமா?

“யோவ்! என்னய்யா இது? குண்டு பட்டது நெஞ்சுல. காலை ஏன்யா நொண்டற?” குல்லாவைக் கழற்றி எறிந்துவிட்டு எழுந்து நின்றார். “இது சாவே இல்ல! ஓவர் ஆக்டிங்! ஏமாத்தறாங்க!”

கதை கந்தல்!

அந்த நேரத்தில் முதல் வரிசையிலிருந்து இடி மாதிரி ஒரு குரல்.

“டேய்! எவன்டா அங்க நின்னு மறைக்கறது? உக்காருங்கடா! கம்பி பறக்கற சீன் வருதுல்ல?!”

நிதானம் வெடுக்கென்று திரும்பினான்.

அந்தக் குரல்!

சால்வை நழுவியது. கையில் பெரிய சைஸ் பாப்கார்ன். வாயெல்லாம் சிரிப்பு. திரும்பிப் பார்த்த முகம்...

தரகர்!

“அண்ணே... நீங்களா?!”

தரகரின் சிரிப்பு உதட்டிலேயே உறைந்தது. மெதுவாக நடந்து வந்தார். மைத்துனன் அதற்குள் ஒருவழியாகச் செத்து, இரண்டு வரிசைக்கு நடுவே மூச்சை அடக்கிக் கிடந்தான். அவன் வீரம் அதில்தானே!

நிதானத்தின் குரலைக் கேட்டதும் விமர்சகர் திரும்பி, திரை வெளிச்சத்தில் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். பார்த்ததும் அலறினார்.

“இவன்தான்! குரலைக் கண்டுபுடிச்சவன் இவன்தான்! யோவ் தரகரே, நான் கொல்லச் சொன்ன ஆளையே கொலைகாரனா அனுப்பிருக்கியே... உனக்கு அறிவிருக்கா?”

தரகர் நிதானத்தைப் பார்த்தார். “சீட் மேல ஏறி விசில் அடிக்கற கிறுக்கன்... நீதானா?”

பொய் சொல்லித் தப்பிக்கலாம்தான். ஆனால் நிதானத்துக்கு அலுத்துப் போயிருந்தது. இத்தனை நாள் பயந்து பயந்து அடக்கி வைத்தது உடைத்துக்கொண்டு வந்தது.

“ஆமாண்ணே. நான்தான். எனக்கு இந்தப் படம் புடிச்சிருக்கு. முட்டி வலியோட படிக்கட்டுக்கு அடியில உக்காந்து உக்காந்து வாழ்க்கை போச்சுண்ணே. இங்க வந்தா அந்த ஹீரோ எனக்கும் சேத்துப் பறக்கறான். அதுல என்ன தப்பு?”

விமர்சகர் தொண்டையைச் செருமினார். “தப்பில்லய்யா. வருஷம் முழுக்க அழுமூஞ்சிப் படமா பாத்து, ‘ஆழமா இருக்கு, அடர்த்தியா இருக்கு’ன்னு எழுதறேன். சிரிச்சு மாளலைங்கறது எப்படி இருக்கும்னு இங்க வந்துதான் எனக்கே தெரிஞ்சுது.”

“நீங்கண்ணே? கொட்டாய் வாசலையே மிதிக்க மாட்டேன்னீங்களே?”

“நான்... காலைக் காட்சி ஆளு.” தரகர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “தெனமும் கடை தொறக்கறதுக்கு முன்னாடி வந்துட்டுப் போயிடுவேன். இன்னிக்கு மேட்னி மட்டும்தான்னு தியேட்டர்ல சொல்லிட்டாங்க. கடைசி நாள்... மனசு கேக்கல. பின்னால நீ பாட்டுக்கு வேலையை முடி, முன்னால நான் பாட்டுக்குப் படம் பாப்போம்னு வந்தேன்.”

“அப்ப கவலையே இல்லண்ணே! மூணு பேரும் ஒரே கட்சி!”

“இல்ல தம்பி.”

தரகரின் சால்வைக்குள்ளிருந்து ஒரு துப்பாக்கி வெளியே வந்தது. டம்மி இல்லை. நிஜம்!

“சட்டம் போட்டவனே நான். மீசையைத் தூக்கினவன் நான். நானே இங்க வர்றேன்னு தெரிஞ்சா ஒரு பய என்னை மதிப்பானா? என்னைப் பாத்தது நீங்க ரெண்டு பேருதான். மன்னிச்சுடுங்க.”

துப்பாக்கி நிதானத்தின் நெஞ்சைப் பார்த்தது. அவன் கையில் இருந்ததோ டம்மி தோட்டா. வெடிக்கும்... கொல்லாது!

தரகரின் விரல் அசைந்தது...

திரையில் பட்டென்று குடை விரிந்தது!

கம்பிகள் பறந்தன!

தரகர் திரும்பிவிட்டார். கை துப்பாக்கியோடு தொங்கியது. “ஹாஹா... அந்த மூணாவது கம்பி... அதைப் பாரு!”

துப்பாக்கியைப் பிடுங்க அதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? நிதானம் பிடுங்கியிருக்க வேண்டும். விமர்சகர் ஓடியிருக்க வேண்டும்.

இருவரும் வாயைப் பிளந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்!

அந்த நாலு பேரில் படத்தைப் பார்க்காத ஒரே ஆள், பிணம்.

மைத்துனன் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தான். டைரக்டர் தன்னைப் பார்க்கவில்லை! ஒருத்தருமே பார்க்கவில்லை! ஆயுசுக்கு ஒரு தடவை செத்திருக்கிறான்... அதையும் எவனும் பார்க்கவில்லை!

நெஞ்சு முழுக்கச் சிவப்போடு எழுந்து நின்றான். தொங்கிக்கொண்டிருந்த துப்பாக்கியைத் தரகரின் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினான்.

“சார்!”

தரகர் திரும்பினார். பார்த்தார். “பே... பே... பேய்!” பாப்கார்ன் நாலாபக்கமும் சிதறியது.

“யாரு சார் டைரக்டர்? குல்லா போட்டிருந்தவரா, சால்வை போட்டவரா? ரெண்டு பேருமே பாக்கல! இது நியாயமா சார்? ஒன்மோர் டேக் குடுங்க. இந்தத் தடவை காலை நொண்ட மாட்டேன். பக்கத்துலருந்தே பாருங்க!”

துப்பாக்கி முனையைத் தன் நெஞ்சில் அழுத்தி வைத்துக்கொண்டான்.

“நல்ல வெயிட்டா இருக்கே மாமா! செம டம்மி!”

நிஜத் துப்பாக்கி! மனைவியின் ஒரே தம்பி. தூக்கி வளர்த்த தம்பி. விரல் விசையின் மேல்!

“வேணாம்டா! கையை எடு... வேணாம்டா என் ராசா!” எத்தனையோ பேரைச் சாக அடித்தவன், ஒருத்தன் சாகக் கூடாதென்று முதல் தடவையாகக் கதறினான்.

“ஏன் மாமா வேணாம்? மூணு விதமா சாவேன். அவரு புடிச்சதை எடுத்துக்கட்டும்.”

தரகருக்கு அதற்குள் பேய் தெளிந்து விஷயம் உறைத்தது. அந்தத் துப்பாக்கி வெடித்தால் கூட்டம் கூடும். போலீஸ் வரும். குண்டு இவருடையது, துப்பாக்கி இவருடையது, கைரேகையும் இவருடையது!

“செலக்டட்!” என்று தொண்டை கிழியக் கத்தினார். “நீ செலக்டட்பா! நான்தான் புரொட்யூசர்! நீதான் ஹீரோ! மொதல்ல அதைக் கீழ எறக்கு!”

“நிஜமாவா சார்? என் நடிப்பு எப்படி சார் இருந்துச்சு?”

தரகர் விமர்சகரை ஒரு இடி இடித்தார். விமர்சகர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மனசாட்சி ஒரு பக்கம், துப்பாக்கி ஒரு பக்கம்.

“அ... அஞ்சுக்கு அஞ்சு!” என்றார். வாழ்நாளில் யாருக்கும் அவர் தராத மார்க்!

மைத்துனன் அழுதுவிட்டான். துப்பாக்கியோடு கைகூப்பினான். முனை ஒவ்வொருவர் பக்கமாகத் திரும்பத் திரும்ப, ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். கடைசியில் அதை இடுப்பில் செருகிக்கொண்டான்.

“இது எங்கிட்டயே இருக்கட்டும் சார். படம் முடியற வரைக்கும் ரிகர்சலுக்கு வேணும். எனக்கு டபுள் ரோல் குடுங்க. ஒருத்தன் இடைவேளையில சாகணும், இன்னொருத்தன் க்ளைமாக்ஸ்ல சாகணும்.”

தரகர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“மாமா, நீங்கதான் சண்டைப் பயிற்சி!”

நிதானம் தலையாட்டினான். உயிர் மிஞ்சியது, ரகசியமும் மிஞ்சியது. அதற்கு மேல் என்ன வேண்டும்?

மைத்துனன் விமர்சகரின் தோளில் கை போட்டான். “சார், நீங்க தினமும் ஷூட்டிங்குக்கு வரணும். நான் சாகறதை ஒவ்வொரு டேக்கும் பக்கத்துலருந்து பாக்கணும். பாத்துட்டு விமர்சனம் எழுதணும்!”

விமர்சகர் அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டார். நிதானத்தின் பக்கம் நகர்ந்தார். காதோரம் குனிந்தார்.

“தம்பி... நான் குடுத்த கொலை ஆர்டர் இன்னும் அப்படியேதானே இருக்கு? அதை ரத்து பண்ண வேணாம்... ஆளை மட்டும் மாத்தி, என்னையே போட்டுடு!”